சித்தியின் கடைசி வரி

பையை மடியிலேயே வைத்துக்கொள்கிறேன், தம்பி. மேலே வைத்தால் மறந்துவிட்டு இறங்கிவிடுவேன் என்று நினைக்கிறீர்கள். நான் எதையும் மறக்கிறவள் இல்லை. அதுதான் என்னைப் பற்றி எல்லோருக்கும் உள்ள குறை. ஜன்னல் பக்கம் நீங்களே இருங்கள். அடையாறு வரைக்கும்தானே? நானும் அங்கேதான். வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். போகிறேன்.

யார் சொன்னது என்று கேட்க மாட்டீர்களா? சரி, நானே சொல்கிறேன். மரக்காணம் வருவதற்குள் பாதிக் கதை முடிந்துவிடும்.

என் பெயர் ஜெர்மேன். புதுச்சேரியில் ஒரு பெண்கள் பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். எங்கள் உப்பளம் பகுதியில் யாரைக் கேட்டாலும் மதாம் ஜெர்மேன் வீடு என்று கை காட்டுவார்கள். காட்டிவிட்டு வேகமாக நடந்துவிடுவார்கள். மரியாதை.

வரக்கூடாது என்று சொன்னவள் ரெஜின். என் கணவர் சவரிநாதனுடைய முதல் தாரத்துப் பெண். நான் அந்த வீட்டுக்குள் காலடி வைத்தபோது அவளுக்கு எட்டு வயது. என்னைச் சித்தி என்று கூப்பிடுவாள். நான்தான் அப்படிக் கூப்பிடச் சொன்னேன். முதல் நாள் "அம்மா" என்றுதான் கூப்பிட்டாள். திருத்தினேன். உறவுக்கு ஒரு பெயர் இருக்கிறதென்றால் அதைச் சரியாகச் சொல்வதுதானே முறை? அவளுடைய அம்மா இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. செத்தவளுடைய பெயரை எடுத்து நான் போட்டுக்கொள்வதா? எனக்கு அந்த அளவுக்கு ஆசை கிடையாது.

இந்த ரெஜின்தான் இன்று சாயங்காலம் அடையாறில் ஓர் அரங்கில் பாடப்போகிறாள். ஆப்பெரா. தெரியுமா? வாயைப் பிளந்து கத்துவார்களே என்று சொல்லாதீர்கள், எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். நம் பழைய இசை நாடகம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சே கிடையாது. "கதவைத் திற" என்பதையும் பாடித்தான் கேட்க வேண்டும். அதனால் கதவு திறக்க நேரமாகும். இது நூறு வருஷத்துக்கு முந்தைய பிரெஞ்சு ஆப்பெரா. கதை உங்களுக்கே தெரியும்: சாம்பலில் கிடக்கிற பெண், அரண்மனை நடனம், நடு இரவு மணி, கண்ணாடிச் செருப்பு. பொல்லாத சித்தி.

பார்த்தீர்களா, "பொல்லாத" என்று சொன்னவுடன் தலையை ஆட்டினீர்கள். அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள்.

நான் இந்தக் கதையை எத்தனை நாட்டு வடிவத்தில் படித்திருக்கிறேன் தெரியுமா? சீனாவில் ஒரு மீன் வருகிறது. ஜெர்மனியில் அக்காக்கள் செருப்புக்காகக் கால் விரலையே வெட்டிக்கொள்கிறார்கள். எகிப்தில் ஒரு கழுகு செருப்பைத் தூக்கிக்கொண்டு போகிறது. மீன் மாறுகிறது, கழுகு மாறுகிறது, சித்தி மட்டும் அதே சித்தி. ஏனென்றால் இந்தக் கதைகளை எழுதியவர்களில் ஒருவர்கூடச் சித்தியாக இருந்ததில்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அடுத்தவள் பெற்ற குழந்தைக்குத் தலை பின்னிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருந்தால் எழுதியிருக்க மாட்டார்கள்.

அப்பா எங்கே இருந்தார் என்று யாராவது கேட்கிறார்களா? அதே வீட்டில்தானே இருந்தார்? அதே அடுப்பில் வெந்ததைத்தானே சாப்பிட்டார்? இந்த ஆப்பெராவில் அவருக்கு ஒரு முழுப் பாட்டு கொடுத்திருக்கிறார்கள். "என் கண்மணியே, உன்னைக் காக்க முடியாமல் போயிற்றே" என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே உருகுகிறார். சனம் கைதட்டுகிறது. எழுந்து போய் அந்தப் பெண்ணுக்கு ஒரு வாளித் தண்ணீர் தூக்கிக்கொடுக்கலாம் இல்லையா? பாட்டுத்தான் பாடுவார். எங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்தார். பாட மாட்டார், பேப்பர் படிப்பார். நல்ல மனிதர் என்று ஊரெல்லாம் பெயர் எடுத்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். கண்டிக்கிற வேலையெல்லாம் எனக்கு.

டிக்கெட் எடுத்தாயிற்று, கண்டக்டர். இரண்டாவது முறை கேட்கிறீர்கள்.

எங்கே விட்டேன்? கண்டிப்பு. ஆமாம், கண்டிப்புத்தான். மறைக்க என்ன இருக்கிறது? தினமும் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் நான் பிரெஞ்சில் ஒரு வாக்கியம் சொல்வேன், அவள் எழுத வேண்டும். எழுதி முடித்தால் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார வேண்டும். நான் "அடுத்தது" என்று சொல்கிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. திறக்கவே மாட்டாள். அவ்வளவு ஒழுங்கு. எங்கள் வீடு அமைதியான வீடு, தம்பி. அடுத்த வீட்டில் கல்லூரிக்குப் படிக்கிற பெண்கள் இருந்தார்கள், அவர்களே சொல்வார்கள், உங்கள் வீட்டில் ஆள் இருக்கிறதே தெரியவில்லை மதாம் என்று. அந்தப் பிரெஞ்சு இல்லாவிட்டால் இன்று ஆப்பெரா ஏது? கதாநாயகி ஏது?

அவளுடைய அம்மா படத்தை நான் கழற்றிவிட்டேன் என்று உறவில் ஒரு பேச்சு உண்டு. உங்களுக்கு யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். மேற்குச் சுவர், வெயில் படுகிற இடம். படம் வெளுத்துவிடும். துணியில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். இன்றைக்கும் புதுப் படம் மாதிரி இருக்கிறது. யாரும் பார்க்காததால் அப்படியே இருக்கிறது.

செருப்பு விஷயமும் அப்படித்தான். வளர்கிற கால் என்று ஒரு அளவு பெரிதாகத்தான் வாங்குவேன். முன்னால் பஞ்சு வைத்துப் போட்டுக்கொள்வாள். அந்த இளவரசன் பாருங்கள், விடிய விடியக் கூட ஆடிய பெண்ணின் முகம் அவனுக்கு ஞாபகமில்லை, செருப்பைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறான். என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ரெஜினுடைய கால் அளவு ஒவ்வொரு வருஷத்துக்கும் எனக்குத் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் புதுச்சேரியில் இதை முதலில் போட்டவர் முசே ஒலிவியே. முசே என்றால் ஐயா. பிரான்சிலிருந்து வந்து எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டவர். மாதா கோவிலில் ரெஜின் பாடியதைக் கேட்டுவிட்டு வீடு தேடி வந்தார். பியானோவும் அவரே, இயக்கமும் அவரே. கதாநாயகி ரெஜின். சித்தி வேஷத்துக்குப் பெங்களூரிலிருந்து ஓர் அம்மாள். தமிழ் சனத்துக்குப் புரிய வேண்டுமே என்று மேடைக்கு மேலே ஒரு வெள்ளைத் துணி கட்டி, பாடுகிற ஒவ்வொரு வரியையும் தமிழில் அதில் காட்டுவதாக ஏற்பாடு. மொழிபெயர்ப்பு யார்? புதுச்சேரியில் இதற்கு வேறு யார்? அரங்கின் கடைசியில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, வரிக்கு ஒரு தட்டு தட்ட வேண்டும். தட்டினால் துணியில் அடுத்த வரி வரும். முசேவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பாடுகிறவர்களுக்குத் துணி தலைக்கு மேலே இருப்பதால் தெரியாது. ஆக, அந்தத் துணிக்கு நான்தான் ராணி.

சில திருத்தங்கள் செய்தேன்.

மாற்றம் இல்லை, தம்பி, திருத்தம். ஒரு பக்கமே பேசுகிற பிரதியை அப்படியே மொழிபெயர்ப்பது அநியாயத்துக்குத் துணைபோவது. சித்தி "அடுப்பைத் துடை, சோம்பேறி" என்று பாடினாள். நான் "அடுப்பு சுடும், கையைப் பார்த்துக்கொள்" என்று போட்டேன். "உனக்கு எதற்கு நடனம்?" என்று பாடினாள். நான் "வெளியே பனி கொட்டுகிறது, உனக்கு நெஞ்சில் சளி, அடுத்த வருஷம் போகலாம்" என்று போட்டேன். ஏன், ஒரு தாய் அப்படிச் சொல்ல மாட்டாளா? அப்பாவின் பாட்டுக்கு ஒரே ஒரு வரி: "அப்பா வருத்தப்படுகிறார்." அவர் பாட்டு முடிகிற வரைக்கும் அந்த வரியே நின்றது. சனம் சிரித்தது. அந்த மனிதர் உருக உருக மேலும் சிரித்தது. நான் அதை எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்.

எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். கோவிந்தசாலைப் பக்கம் போலிருக்கிறது. ஒருத்தி சொல்கிறாள், "பாவம்டி அந்த சித்திக்காரி, எவ்ளோ பதமா சொல்லுது." மற்றவள், "இந்தப் பொண்ணுக்குத்தான் திமிரு. பாரேன், மூஞ்சிய எப்படித் திருப்பிக்குது!" எத்தனையோ நூற்றாண்டாக ஒருவர்கூட இப்படிச் சொன்னதில்லை. அடுத்த வரியை ஒரு நொடி தாமதமாகத்தான் தட்டினேன். சந்தோஷத்தில்தான்.

இப்போது கடைசிக் காட்சி. இதைக் கவனமாகக் கேளுங்கள், பேருந்து குலுங்கினாலும் கேளுங்கள். செருப்பு பொருந்திவிடுகிறது. இளவரசன் பெண்ணின் கையைப் பிடிக்கிறான். இத்தனை நேரம் அவளை விரட்டிக்கொண்டிருந்த சித்தி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு "என் மகளே! என் செல்ல மகளே!" என்கிறாள். எழுதினவன் சிரிப்புக்காகவே எழுதியிருக்கிறான். அரங்கம் கொல்லென்று சிரிக்க வேண்டும். பியானோ அங்கே நின்றுவிடும். அந்தச் சிரிப்பு உச்சிக்குப் போய் இறங்குகிற சமயத்தில் ரெஜின் தனியாகக் குரலை எடுக்க வேண்டும். துணைக்கு ஒரு வாத்தியமும் இல்லை. சிரிப்புத்தான் அவளுக்குச் சுருதி மாதிரி. ஒத்திகையில் எல்லோரும் கூடி நின்று சிரிப்பார்கள், அவள் அதில் ஏறிக்கொள்வாள். மிக அழகாக ஏறிக்கொள்வாள்.

அந்த ஒரு வரியை மட்டும் நான் தொடவில்லை. அட்சரம் பிசகாமல் மொழிபெயர்த்தேன். "என் மகளே! என் செல்ல மகளே!" தட்டினேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

எப்படிச் சிரிப்பார்கள்? நெஞ்சில் சளி என்று கவலைப்பட்டவள் அல்லவா கட்டிக்கொள்கிறாள்? முன்னால் பிரெஞ்சு தெரிந்தவர்கள் இரண்டு வரிசை. அவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். பின்னாலிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டதும் வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டார்கள். அந்தக் கோவிந்தசாலைப் பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். ஆப்பெரா வரலாற்றிலேயே சித்திக்காக ஒருத்தி அழுதது அன்றுதான். எழுதி வைக்கலாம்.

ரெஜின் பாடவில்லை. நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள். கையைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு. அவளுக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரைக்கும் எனக்குப் புரியவில்லை. சாப்பாட்டு மேசையில் எழுதி முடித்துவிட்டு இருப்பாளே, அச்சு அசல் அதே மாதிரி. முசே பியானோவில் ஒரு சுரத்தைத் தொட்டார். மறுபடியும் தொட்டார். அவள் என்ன செய்தாள் தெரியுமா? சனத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தலையைத் தூக்கி, அந்தத் துணியைப் படித்தாள். மேடையில் நிற்கிறவர்கள் செய்யவே கூடாத காரியம். படித்துவிட்டுத் திரும்பிப் பாடினாள். குரல் உடைந்திருந்தது. இறங்கி, எங்கேயோ ஆரம்பித்து, பிறகுதான் சரியான இடத்துக்கு வந்தாள்.

முடிந்ததும் உள்ளே போனேன். பாராட்டத்தான். முகத்துச் சாயத்தைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்திருந்தாள்.

"சித்தி, மேல என்ன எழுதினீங்க?"

"உள்ளதைத்தான்."

"முன் வரிசைல இருந்த பிரெண்ட்ஸ் சொல்லிட்டாங்க. நெஞ்சுச் சளி எங்க வருது அதுல?"

"அது திருத்தம்."

"பின்னால இருந்தவங்க என்னைப் பாத்துதான் திமிருன்னு சொல்லிருக்காங்க, சித்தி. நான்தான் அங்க நின்னுட்டிருந்தேன்."

"அவர்கள் கதாபாத்திரத்தைச் சொன்னார்கள்."

அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அந்தக் கடைசி வரி? என் செல்ல மகளேன்னு? அதுவும் திருத்தமா?"

"அது மூலத்தில் உள்ளபடி. ஓர் எழுத்துக்கூட மாற்றவில்லை."

"மூலத்துல அவ பொய் சொல்றா, சித்தி."

நான் சும்மா இருப்பேனா? "எழுதினவன் அப்படி நினைத்துக்கொண்டு எழுதியிருக்கலாம். அவனுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். நல்ல கேள்வி இல்லையா, தம்பி? கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டு சாயத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். அப்போதுதான் சொன்னாள். "சென்னைக்கு நீங்க வராதீங்க. லியோன்ல இருந்து அந்த அம்மா என்னக் கேக்க வராங்க. எனக்கு இருக்கறது அந்த ஒரு நாள்தான். தயவு செஞ்சு வராதீங்க."

பிரான்சில் லியோன் என்கிற ஊரில் ஒரு பெரிய சங்கீதப் பள்ளி. அங்கே சொல்லிக்கொடுக்கிற அம்மாள் ஒருத்தி இன்று வருகிறாள். ரெஜினைப் பிடித்துப்போனால் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துக்கொள்வாள். பிடிக்காவிட்டால் மாதா கோவில், கல்யாண வீடு, அவ்வளவுதான். இன்றைக்கு விட்டால் அந்த அம்மாள் மறுபடியும் வர மாட்டாள்.

மறுநாள் காலையில் முசே ஒலிவியே வந்தார். ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தார், கோபமாக இருக்கும்போது அவர் ரொட்டியோடுதான் வருவார். "மதாம், சென்னையில் துணி கிடையாது. தமிழ் வரி கிடையாது. ஒன்றும் கிடையாது" என்றார்.

"அப்படியானால் கடைசிக் காட்சியில் யார் சிரிப்பார்கள், முசே?" என்று கேட்டேன்.

"நடிப்பைப் பார்த்தே சிரிப்பார்கள்."

சிரிப்பார்களாம்! அந்தப் பெங்களூர் அம்மாளை நான் பார்த்திருக்கிறேன். நல்ல பெண்மணி. மூன்று பிள்ளை பெற்றவள். கட்டிக்கொள் என்றால் நிஜமாகவே கட்டிக்கொள்கிறாள், முதுகைத் தட்டிக்கொடுக்கிறாள். அதைப் பார்த்து யார் சிரிப்பது? சென்னை சனத்தையும் எனக்குத் தெரியும். சபாவில் உட்கார்ந்து பழகியவர்கள். தலையை ஆட்டுவார்கள், தொடையில் தாளம் போடுவார்கள், அந்நிய பாஷை என்றால் இன்னும் மரியாதையாக இருப்பார்கள். பாட்டு நடக்கும்போது சிரிப்பது பாவம் என்று நினைக்கிறவர்கள். லியோன் அம்மாள் எடை போட வந்தவள், அவள் சிரிக்க மாட்டாள். ஆக, அந்த இடத்தில் மறுபடியும் ஒரு மௌனம். இவள் மறுபடியும் நிமிர்ந்து நின்றுகொண்டு... வேண்டாம்.

இரண்டு நாள் யோசித்தேன். பிறகு டிக்கெட் எடுத்தேன். நாடகத்துக்கும், இந்தப் பேருந்துக்கும்.

மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எதற்கு மன்னிப்பு? நான் எழுதிய ஒவ்வொரு வரியும் நியாயம். அந்தச் சித்திக்காக நான் இன்றைக்கும் எந்த மேடையிலும் வாதாடுவேன். வாதாடுவது வேறு. இன்று நான் போவது சிரிக்க.

ஆமாம், சிரிக்கத்தான். கடைசி வரிசை ஓர இருக்கை. விளக்கை அணைத்த பிறகுதான் உள்ளே போவேன், அவள் கண்ணில் பட மாட்டேன். அந்தப் பெங்களூர் அம்மாள் ஓடிவந்து கட்டிக்கொண்டு "என் மகளே" என்றவுடன், அரங்கத்திலேயே முதல் ஆளாக, உரக்க, வயிற்றிலிருந்து சிரிக்கப்போகிறேன். ஒருவர் ஆரம்பித்தால் போதும். நமக்கு மட்டும் பிரெஞ்சு புரியவில்லை என்று பக்கத்து ஆள் நினைத்துவிடுவாரோ என்று சென்னை முழுக்கச் சேர்ந்து சிரிக்கும். அவள் அதில் ஏறிக்கொள்வாள். அதற்குப் பிறகு லியோன் அம்மாள் பாடு.

சித்தியைப் பார்த்து நானே சிரிப்பதா என்று கேட்கிறீர்கள். முகத்திலேயே எழுதியிருக்கிறதே, வாயால் வேறு கேட்க வேண்டுமா? ஒரு கெட்டிக்காரி ஒரு பொய்யை ஒரு முறை மெய் மாதிரி காட்டலாம் என்றால், ஒரு மெய்யைப் பார்த்து ஒரு முறை பொய் மாதிரி சிரிக்கவும் முடியும். எனக்கு முடியும். பிரெஞ்சு தெரிய வேண்டும், எந்த இடம் என்று தெரிய வேண்டும், யாருக்காக என்று தெரிய வேண்டும். அந்த அரங்கில் இந்த மூன்றும் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

ஒரே ஒரு சிக்கல். பழக்கம் விட்டுப்போயிற்று. வீட்டில் கண்ணாடி முன்னால் இரண்டு நாளாக முயற்சி செய்கிறேன். தொண்டை வரைக்கும் வருகிறது, பிறகு இருமலாகப் போய்விடுகிறது. அதற்குத்தான் பையில் இருமல் மிட்டாய். இப்போது ஒரு முறை செய்து காட்டட்டுமா? கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ஹ... ஹஹ்... ஹா...

"இன்னாம்மா, வீசிங்கா? வண்டிய ஓரங்கட்டச் சொல்லட்டா?"

ஒன்றுமில்லை, கண்டக்டர். நீங்கள் போய் உங்கள் வேலையைப் பாருங்கள். சிரித்தேன்.

அவர் முகத்தைப் பார்த்தீர்களா? நம்பவில்லை. சரி, இன்னும் மாமல்லபுரம் இருக்கிறது, கோவளம் இருக்கிறது. அதற்குள் வந்துவிடும். நான் எடுத்த எந்தப் பாடத்தையும் பாதியில் விட்டதில்லை.

நீங்கள் ஏன் முகத்தை அப்படி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? ஓ, அதுவா? சிரிப்பை வைத்து நான்தான் என்று கண்டுபிடித்துவிடுவாளோ, மேடையிலேயே தடுமாறிவிடுவாளோ என்று பயப்படுகிறீர்கள். நானும் முதலில் அதைத்தான் யோசித்தேன். அந்தக் கவலையே வேண்டாம், தம்பி. நடக்கிற சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பாள், இருமலை வைத்துக் கண்டுபிடிப்பாள், சாவிக்கொத்தை வைத்துக் கண்டுபிடிப்பாள். சிரிப்பை வைத்து முடியாது. அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள், காற்று வரட்டும். இன்னொரு முறை பார்க்கலாம்.